இராப்பணி பார்த்த சுப்பாராவ்

அயல்நாட்டில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்ப்பதைப் பற்றியும், அங்கே பத்திரமாக வாழ்வதைப் பற்றியும் இந்த ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டார். நான் மறுத்தேன். கடல் கடந்து அறியாதவன் நான். கிழக்கே கோயமுத்தூர், மேற்கே இந்தப் பல்கலைக் கழகம். நான் கண்ட உலகம் அவ்வளவுதான். வேண்டுமானால் அப்படி வாழ்ந்த ஒருவருடைய வரலாற்றை எழுதித் தருகிறேன் என்றேன். யார் அவர் என்றார். பெயரைச் சொன்னேன். அது ஒரு சோதனை முறையின் பெயர் அல்லவா என்று திருப்பிக் கேட்டார். போன ஆண்டு வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

வரலாற்றுக்குள் புகுமுன் என் வீட்டுச் செய்தியைச் சிறிது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் பெரியவரை நான் தேடிப் போன காரணம் விளங்காது.

எங்கள் ஊர் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், எருத்தேம்பதிப் பக்கம். வீட்டிலும் தோட்டத்திலும் தமிழ். பஞ்சாயத்து ஆபீசிலும் பஸ் பலகையிலும் மலையாளம். எங்களைப்போல் இரண்டு மொழிக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள் நம் மன்றத்தில் பலர் உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் என்று எங்கள் பக்கத்தார் ஒரு கூட்டம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, குமுளி என்று இடுக்கி மலைக்காரர் ஒரு கூட்டம். விடுதியில் என் அறைத் தோழன் வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அயல்நாட்டு மோகம் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோலப் பிடித்திருக்கிறது. முன்பு வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார்கள்; இப்போது இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் படிக்கப் போகிறார்கள்.

என் அக்காவும் போனாள். ஏழரை இலட்சத்துக்கு மேல் கடன் கேட்டால் வங்கிக்குச் சொத்து ஈடு காட்ட வேண்டும். அப்பா தென்னந்தோப்பின் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா இங்கிலாந்தில் ஒரு நகரத்தில் முதுகலையில் சேர்ந்தாள். சில மாதங்களில், கல்லூரி நூலகத்தில் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாள். அம்மா அதை உறவினர் வீடுகளிலெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

ஒரு நாள் விடியற்காலையில் அவளிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. கை தவறி அழுத்திவிட்டாள் போலும். நீலச் சட்டை அணிந்திருந்தாள். கையில் ரப்பர் உறை. பின்னால் ஒரு கட்டில். கட்டிலில் மிக முதிர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. மறைக்க வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள். அது முதியோர் இல்லம். வாரத்தில் இரண்டு இரவு, இரவுக்குப் பத்து மணி நேரம். அவர்களைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, விரிப்பு மாற்றுவது, பெட்பேன் எடுத்துக் கொட்டிக் கழுவுவது ஆகியவையே அவள் வேலை.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா பேசவில்லை. அன்று மாலை அப்பா முடிவாகச் சொன்னார்: பிறர் மலம் அள்ளவா பத்திரத்தைக் கொடுத்தேன், திரும்பி வரச் சொல். படிப்பு முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது.

அந்த வாரம் எனக்கு உயிர் வேதியியல் செய்முறை வகுப்பு இருந்தது. இரத்தத்தில் எவ்வளவு பாஸ்பேட் இருக்கிறது என்று கணக்கிடும் சோதனை. கரைசலில் அமோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்து, அதன்மேல் இன்னொரு மருந்தை விட்டால் மெல்ல மெல்ல நீலம் பரவும். நீலத்தின் அழுத்தத்தைக் கலரிமீட்டரில் பார்த்துப் பாஸ்பரசின் அளவைச் சொல்லிவிடலாம். பிஸ்க்–சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். ஆங்கிலப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டியிருந்ததைப் பார்த்து, அது யாரோ ஒரு ஐரோப்பியர் பெயர் என்றே நாங்கள் உச்சரித்து வந்தோம். ஆசிரியர் சிரித்துக்கொண்டே திருத்தினார். அந்த இரண்டாமவர் நம் பழைய சென்னை மாகாணத்துக்காரர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் மாணவராக இருந்த நாளில் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துப் பெட்பேன் கழுவியவர் என்றார்.

என் கையிலிருந்த குழாயில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. வகுப்பு முடிந்ததும் நேரே நூலகத்துக்குப் போனேன்.

எல்லாப்பிரகத சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் நாள் கோதாவரிக் கரை நாட்டில் பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு உத்தியோகஸ்தர். உடல்நலம் கெட்டு முன்னதாகவே ஓய்வு பெற்றவர். தாயார் வெங்கம்மா. ஏழு பிள்ளைகள். வீட்டில் பணமுடை. பையன் சுப்பாராவுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. காசி யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் நிறையச் சம்பாதிக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பதின்மூன்றாம் வயதில் வீட்டைவிட்டு ஓடினார். தாயார் ஆளனுப்பித் திரும்பக் கொண்டுவந்து பள்ளியில் அடைத்தார். இராஜமுந்திரியில் படித்தார், வீட்டில் அடுத்தடுத்துச் சாவுகள், மெட்ரிகுலேஷன் இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். உலகம் போற்றிய விஞ்ஞானி ஒருவர் பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்றவர் என்பதை, அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்காகவே இங்கே சற்று அழுத்திச் சொல்கிறேன்.

சென்னையில் மாநிலக் கல்லூரியில் படித்தபோது துறவு மனப்பான்மை அவரைப் பற்றியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை. மருத்துவம் படித்தால் அது வழியாகவும் தொண்டு செய்யலாம் என்ற எண்ணம் வந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினார்கள். மூர்த்தியின் மகள் சேஷகிரியைத்தான் 1919இல் மணந்தார்.

காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் அறுவை அறைக்குக் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியும் கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். என்ற தகுதிதான் கிடைத்தது. ஒரு சட்டையின் விலை இவ்வளவு என்று அவருக்கு அப்போது தெரிந்திராது. அது பாஸ்டன் நகரம் வரை அவரைத் தொடர்ந்து வந்தது.

அரசாங்க மருத்துவ வேலை கிட்டவில்லை. சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். இதற்கிடையே வீட்டில் பேரிடி விழுந்திருந்தது. அண்ணன் தம்பியர் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்னும் நோயால் இறந்தார்கள். உண்ட உணவின் சத்து உடம்பில் சேராமல் வயிற்றுப்போக்கில் ஆள் தேய்ந்து போகும் நோய் அது. நம் பக்கத்துப் பெரியவர்கள் கிராணி என்பார்களே, அந்த வகை. சுப்பாராவுக்கும் அது வந்தது; அவர் பிழைத்துக்கொண்டார். வெப்பநாட்டு நோய்களுக்கு மருந்து காண வேண்டும், அதற்கு அமெரிக்கா சென்று படிக்க வேண்டும் என்ற உறுதி அவருக்கு இந்தத் துயரத்தில் பிறந்தது.

இந்த இடத்தில் என் அறைத் தோழன் குறுக்கிட்டான். அவன் ஊருக்கு அருகில் பீர்மேட்டில் 1918இல் பிறந்த அன்னா மணி என்ற அம்மையார், 1945இல் அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்று இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய், வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று 1948இல் திரும்பி வந்து நாட்டுக்கே கருவி செய்து கொடுத்தவர். அவரைப் பற்றி எழுதேன் என்றான். எழுதத்தக்கவர்தாம். ஆனால் உபகாரச் சம்பளம் உள்ளவர் கதை வேறு, கடன் பத்திரத்தோடு போகிறவர் கதை வேறு என்றேன். அவனும் ஒப்புக்கொண்டான், அவன் அப்பனிடம் ஈடு காட்டத் தோப்பும் இல்லை.

சுப்பாராவ் இரண்டாம் வகை. மாமனார் கொடுத்தது கொஞ்சம். காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் பெயரால் உள்ள அறநிலையம் கொடுத்தது கொஞ்சம். இளம் மனைவி தாய்மை நிலையில் இருக்க, அவளை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். 1922 அக்டோபர் 26ஆம் நாள் பாஸ்டனில் இறங்கினார். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் இடம் இருந்தது. உபகாரச் சம்பளம் இல்லை.

அவர் போய் இறங்கிய நாடு அப்போது இந்தியருக்கு எப்படிப்பட்ட நாடு என்பதையும் பார்க்க வேண்டும். 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து ஆட்கள் குடியேறுவதைத் தடுத்திருந்தது. மாணவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. அவர் வந்து நான்கு மாதமாவதற்குள், 1923 பிப்ரவரியில், இந்தியர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் என்பவர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆக, சுப்பாராவ் அங்கே மாணவர் என்ற ஒரு நூலிழையில் நின்றுகொண்டிருந்தார். இன்று விசாத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சி அஞ்சி நடக்கும் நம் நண்பர்களுக்கு அந்த நிலை தெரியாததன்று.

எல்.எம்.எஸ். தகுதியை வைத்து அங்கே மருத்துவராகப் பணிபுரிய முடியவில்லை. கற்றுத் தேர்ந்த மருத்துவர், உடற்கூறு ஆசிரியராக இருந்தவர், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவ மனையில் இரவு நேரக் கடைநிலைப் பணியாளராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கொட்டிக் கழுவுவது, அழுக்கு விரிப்புகளை மாற்றுவது அவர் வேலை. பகலில் அதே கையால் நுண்ணோக்கியைத் திருகினார்.

இதைப் படித்தபோது நான் அக்காவை நினைத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேறொன்றையும் கவனித்தேன். பாஸ்டன் நகரின் படத்தை எடுத்துப் பார்த்தால், பிரிகாம் மருத்துவ மனையும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. அந்த மருத்துவ மனையை 1913இல் அங்கே திறந்ததே பள்ளிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான். அவர் வேலை செய்த இடத்துக்கும் படித்த இடத்துக்கும் நடுவே நெடுந்தூர நடை இல்லை. பனி கொட்டும் நள்ளிரவில் அறிமுகம் இல்லாத தெருக்களில் தனியே திரிய வேண்டியதில்லை. எந்த மருத்துவத்தைக் கற்க வந்தாரோ அதன் வாசற்படியிலேயே கூலி வேலையும் பார்த்தார். வேலை தாழ்ந்தது, ஆனால் அது அவரைப் படிப்பிலிருந்து இழுத்துச் செல்லவில்லை. பட்டயம் பெற்றதும் உயிர் வேதியியல் பிரிவில் சைரஸ் பிஸ்க் என்பாரின் ஆராய்ச்சிக் கூடத்தில் நுழைந்தார்.

அக்காவுக்கு நேர்ந்த இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதியோர் இல்லத்தில் அவள் பார்த்தது வாரத்துக்கு 20 மணி. அங்கே பட்டப் படிப்பு மாணவருக்குக் கல்லூரி நடக்கும் வாரங்களில் சட்டம் அனுமதிப்பதும் அவ்வளவே. கடன் வட்டியை நினைத்துக் கவலைப்பட்டு, நம் மொழி பேசும் ஒருவருடைய கடையில் இன்னும் சில மணி நேரம், கணக்கில் எழுதாமல் கையில் காசு என்ற பேச்சில், மூன்று வாரம் வேலை செய்தாள். மூன்றாம் வாரம் அவர் காசு தரவில்லை. கேட்டபோது, போய்ப் புகார் செய்துகொள் என்றாராம். எப்படிச் செய்வாள்? புகார் செய்தால் முதலில் அகப்படுகிறவள் அவள். சட்டம் கொடுத்த மணி நேரத்தைத் தாண்டியதும் சட்டம் கொடுத்த காவலையும் இழந்துவிட்டாள். முதியோர் இல்லத்திலோ சம்பளம் வங்கிக்கு வருகிறது, சீட்டில் மணிக்கணக்கு இருக்கிறது, குறைந்தால் கேட்கலாம். வீட்டில் நாங்கள் வெட்கப்பட்டது முதியோர் இல்லத்துக்கு. வெட்கப்பட வேண்டியிருந்தது அந்தக் கடைக்கு. மேசையும் நாற்காலியும் உள்ள கடை என்பதால் அதைப் பற்றி மட்டும் வீட்டில் கேட்டிருந்தால் ஒருவரும் முகம் சுளித்திருக்க மாட்டோம்.

இந்த மணிக்கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் 2024 நவம்பர் முதல் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். இங்கிலாந்தில் மாணவர் சொந்தத் தொழிலாக எதையும் செய்யக் கூடாது. அதனால் இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கை வாடகைக்கு எடுத்துச் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுப்பதும் குற்றமே. போகிற நண்பர்கள் அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் தாளைத் தாங்களே படிக்க வேண்டும்; முன்னே போன அண்ணன்மார் சொல்வது பெரும்பாலும் பழைய கணக்கு. நம் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்தில் பெயரைப் பதிந்து வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. அக்கா அதைச் செய்யாமல் போயிருந்தாள்.

சுப்பாராவுக்கு வருவோம். ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் செய்தவற்றை நான் வேகமாகச் சொல்லிச் செல்கிறேன். விரிக்கத் தொடங்கினால் மலரின் பக்கங்கள் போதா. 1925இல் பிஸ்க்கும் அவரும் அந்த நீலநிறச் சோதனையை வெளியிட்டார்கள். நூறாண்டாக உலகெங்கும் மாணவர்கள் அதைச் செய்துவருகிறார்கள். 1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டறிந்தார்கள். 1929இல் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார்கள், அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனியாகக் கண்டார். நாம் கை அசைப்பதும் கண் இமைப்பதும் எந்தப் பொருளின் ஆற்றலால் என்ற கேள்விக்கு அங்கேதான் விடை இருந்தது. லாக்டிக் அமிலத்தைப் பற்றி 1922ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றிருந்த கொள்கை அதனால் ஆட்டம் கண்டது. 1930இல் ஹார்வர்டு அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

நிரந்தரப் பேராசிரியர் பதவி மட்டும் அளிக்கவில்லை. கூட வேலை செய்த பிஸ்க், சுப்பாராவின் சில கண்டுபிடிப்புகளை வெளிவர விடவில்லை என்றும், பின்னால் மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டி வந்தது என்றும் அதே துறையில் இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அவர் 1988இல் நோபல் பரிசு பெற்றவர். இதனை எவ்வளவு தூரம் ஏற்பது என்று தீர்ப்பளிக்க நான் ஆளல்லன். தம் பெயரை முன்னிறுத்திச் சண்டை பிடிக்கும் இயல்பு சுப்பாராவுக்கு இல்லை என்பது மட்டும் அவர் வாழ்க்கை முழுவதிலும் தெரிகிறது.

இனிச் சொல்வது எனக்கு உடன்பாடில்லாத பகுதி. அவர் ஊரைவிட்டுப் போனபின் பிறந்த ஆண்குழந்தை ஓராண்டு நிறையுமுன்னே இறந்துவிட்டது. தந்தை அந்த முகத்தைக் கண்டதே இல்லை. படிப்பு முடிந்தது, பட்டம் வந்தது, ஆண்டுகள் இருபத்தாறு ஓடின, அவர் திரும்பி வரவில்லை. மனைவி இங்கே காத்திருந்தார். அந்த அம்மையாரின் பக்கத்தை ஒருவரும் நிறைய எழுதவில்லை. பெரிய மனிதருடைய வரலாறு என்றால் குறைகளைத் துணி போட்டு மூடவேண்டும் என்று ஒரு வழக்கம் நம்மிடம் உண்டு. நான் மூட விரும்பவில்லை. அவருக்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஒரு முறை வெளியேறினால் அந்த நாட்டுக் கதவு மறுபடி திறக்குமா என்ற ஐயமே பெரிய காரணமாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் அயல்நாட்டு வாழ்வின் ஆபத்துகளைப் பட்டியல் போடுகிறவர்கள் திருடன், பனி, விபத்து என்று எழுதுகிறார்களே தவிர இதை எழுதுவதில்லை. அப்பா அக்காவைத் திரும்பி வா என்று கூப்பிட்டதில் கோபத்துக்கு அடியில் இந்த அச்சமும் இருந்தது என்பதை நான் பின்னால்தான் உணர்ந்தேன்.

1940இல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, ஆராய்ச்சித் தலைவர் ஆனார். கடைசி எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டில் நடந்தவைதாம் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன.

லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவ அம்மையார் 1928 முதல் சில ஆண்டுகள் பம்பாயிலும், நம் நீலகிரிக் குன்னூரிலும், சென்னையிலும் ஆராய்ச்சி செய்தார். பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்தில் இரத்தம் வற்றிச் சாவதைக் கண்டு, ஈஸ்ட்டில் உள்ள ஏதோ ஒரு பொருள் அதைக் குணப்படுத்துகிறது என்று 1931இல் எழுதினார். அந்தப் பொருள் இன்னது என்று கண்டு செயற்கையாகச் செய்தது சுப்பாராவின் குழு. 1945இல் வெளியான அந்தக் கட்டுரையில் 16 பெயர்கள். தலைவர் பெயர் நடுவே எங்கோ இருக்கிறது. அதுதான் போலிக் அமிலம். ஸ்ப்ரூ நோயாளிகளும் அதனால் தேறினார்கள். உடன்பிறந்தாரை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர் கையில், இருபது ஆண்டுக்கு மேற்பட்டு, மருந்து வந்து சேர்ந்தது. பள்ளியில் வாரந்தோறும் நமக்குக் கொடுத்த நீல நிற இரும்புச் சத்து மாத்திரை நினைவிருக்கிறதா? இரும்போடு அதில் இருப்பது போலிக் அமிலம். தோழனின் தாயார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் வாங்கி விழுங்கியதும் அதுவே.

போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதற்கு எதிராக வேலை செய்யும் பொருள்களையும் அவர் குழு செய்தது. அவற்றில் ஒன்றை 1947இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவ மனையில் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகள் சிறிது காலமேனும் எழுந்து விளையாடினார்கள். அதுவரை அந்த நோயில் அப்படி நடந்ததில்லை. அந்த மருத்துவ மனை, சுப்பாராவ் பெட்பேன் கழுவிய பிரிகாம் மருத்துவ மனைக்குப் பக்கத்திலேயே இருப்பது. அவ்வகையில் வந்த மெதோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது. டக்கர் என்ற முதிய தாவர அறிஞரைக் கொண்டு மண்ணில் தேடச் செய்து, டெட்ராசைக்ளின் இனத்தில் முதலாவதான ஆரியோமைசினை 1948இல் வெளிப்படுத்தியதும் அவர் தலைமையில்தான்.

இன்னொன்று, எங்கள் பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு நேரே சொந்தம். சிறு வயதில் ஆண்டுக்கொரு முறை சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து, கண்ணெதிரே விழுங்கச் சொல்லி மாத்திரை கொடுப்பார்கள். மந்து என்று மலையாளத்தில் சொல்லும் யானைக்கால் நோய்க்கு அது. கேரளத்தில் அந்த நோய் பரவியவை என்று கணக்கிட்ட 11 மாவட்டங்களில் எங்களுடையது ஒன்று. இடுக்கி அதில் இல்லை. ஆகையால் தோழன் அந்த மாத்திரையைக் கண்டதே இல்லை. நான் அதை நாக்குக்கு அடியில் ஒளித்துத் தென்னை மரத்தடியில் துப்பிய நாளும் உண்டு. டைஈதைல் கார்பமசின் என்னும் அந்த மருந்து 1947இல் ஹெட்ரசான் என்ற பெயரில் சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்தது.

இந்தியருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அமெரிக்காவில் 1946இல் வந்தது. அவர் அதைப் பெறாமலே, 1948 ஆகஸ்டுத் திங்களில் ஓர் இரவு, உறக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. நாடு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது 1995இல், நூற்றாண்டு நிறைந்தபோது. ஒரு பூஞ்சைக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். இரவு சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இந்தக் கதையை இதே வரிசையில் சொன்னேன். கடைக்காரர் விஷயத்தையும் சொன்னேன். அக்கா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த டாக்டர் கடைசி வரைக்கும் ஊருக்கு வரவே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் உள்ளே போய் அக்காவை அழைத்தார். படிப்பு முடிந்ததும் ஒரு முறை வீட்டுக்கு வந்துவிட்டு அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போ என்றார். கடைக்காரன் காசை விட்டுத் தொலை, இனிமேல் அந்தப் பக்கம் போகாதே என்றார். இரவு வேலை முடிந்து அறைக்குத் திரும்பப் பஸ் இருக்கிறதா என்று விசாரித்தார். முதல் பஸ் காலை ஆறரைக்கு, அது வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க விடுகிறார்கள் என்று அக்கா சொன்னாள்.

பிறகு அம்மா போனை வாங்கினார். அப்பத்தா மூன்று வருஷம் படுக்கையாய்க் கிடந்தபோது எல்லாவற்றையும் எடுத்துக் கழுவியவர் அம்மாதான். அதை அந்த வீட்டில் ஒருவரும் வேலை என்று சொன்னதும் இல்லை, வெட்கம் என்று சொன்னதும் இல்லை. அம்மா கேட்டது ஒரே கேள்வி: கையுறை நல்லதாய்த் தருகிறார்களா? ஒவ்வொரு முறையும் புதிது, ஒரு தடவை போட்டதும் எறிந்துவிட வேண்டும் என்றாள் அக்கா. ஒரு தடவைக்கு ஒரு ஜோடியா என்று அம்மா வாயைப் பிளந்தார். அப்புறம் அந்தப் பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள், யாராவது வந்து பார்க்கிறார்களா என்று கேட்கத் தொடங்கினார். பேச்சு முடிய வெகு நேரம் ஆயிற்று.